மார்ச் மேட்னஸ்: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிள்ளைகளைப் படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோர், அங்கே புதிதாக வேலைக்குப் போனவர்கள், என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து மட்டுமே பார்த்துப் பழகிய இளைஞர்கள் என்று பலரும் மார்ச் மாதம் வந்தால் ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். 2025 போட்டி வரையிலான விவரங்கள் இவை. முதலில் ஆண்கள் போட்டி. பெண்கள் போட்டிக்கான விளக்கம் பின்னால் வருகிறது.

மார்ச் வந்தால் அங்கே எல்லோரும் கல்லூரிக் கூடைப்பந்து பற்றியே பேசுகிறார்களாமே, அது என்ன போட்டி?

என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் நடத்தும் முதல் பிரிவுக் கூடைப்பந்து சாம்பியன் போட்டி அது. மார்ச் மேட்னஸ் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். 68 கல்லூரி அணிகள் ஆடும். ஒரு முறை தோற்றால் வெளியேற வேண்டியதுதான். மூன்று வாரங்களில் 67 ஆட்டங்கள் முடிந்ததும் ஒரே ஓர் அணி தோற்காமல் எஞ்சியிருக்கும்.

1939-ல் எட்டு அணிகளோடு தொடங்கியது. எவன்ஸ்டன் நகரில் நடந்த முதல் இறுதியில் ஆரிகன் 46-33 என ஒஹாயோ ஸ்டேட்டை வென்றது. அந்தக் காலத்தில் நியூயார்க்கில் ஓராண்டு முன்பே தொடங்கிவிட்ட என்.ஐ.டி. என்ற போட்டிக்கும் பெரும் மதிப்பு இருந்தது. நியூயார்க்கின் சிட்டி காலேஜ் 1950-ல் ஒரே பருவத்தில் இரண்டு கோப்பைகளையும் வென்றது. வேறு எந்தக் கல்லூரியும் அதைச் செய்ததில்லை.

சிறந்த வீரர்கள் எல்லாம் என்.பி.ஏ.வில்தானே இருக்கிறார்கள்? மாணவர்கள் ஆடுவதை ஏன் இத்தனை பேர் பார்க்க வேண்டும்?

திறமையில் என்.பி.ஏ.தான் மேல், அதில் மறுப்பே இல்லை. ஆனால் என்.பி.ஏ. இறுதிக்கட்டத்தில் ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர். ஒரு நாள் சறுக்கினாலும் வலுவான அணி மறுநாள் எழுந்துவிடும். இங்கே மறுநாள் கிடையாது. 40 நிமிடத்தில் சிறிய கல்லூரி ஒன்று தன் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆடிவிட்டால், பல கோடி டாலர் செலவழிக்கும் பல்கலைக்கழகம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். என்னைக் கேட்டால், இந்தப் போட்டியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப சிறிய கல்லூரிகளைப் பற்றியே பேசுவதற்கும் அதுதான் காரணம்.

மார்ச்சில் மட்டும்தான் விளையாடுகிறார்களா? மற்ற மாதங்களில் என்ன செய்கிறார்கள்?

பருவம் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்குகிறது. முதல் பிரிவில் 360-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வோர் அணியும் மார்ச்சுக்கு முன் சுமார் 30 ஆட்டங்கள் ஆடிவிடும். நவம்பர், டிசம்பரில் யாரோடு வேண்டுமானாலும் ஆடலாம். ஜனவரி, பிப்ரவரியில் பெரும்பாலும் தங்கள் கான்ஃபரன்ஸுக்குள் ஆடுவார்கள். கான்ஃபரன்ஸ் என்பது கல்லூரிகள் சேர்ந்து அமைத்துக்கொண்ட குழு; மொத்தம் 31 இருக்கின்றன. மார்ச் தொடக்கத்தில் ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் தனக்கென ஒரு நாக்-அவுட் போட்டி நடத்தும்.

இந்தக் கான்ஃபரன்ஸ் போட்டி வாரத்தைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து பாருங்கள். இரண்டாயிரம் பேர்கூட அமர முடியாத அரங்கில், வென்றால் தேசியப் போட்டி, தோற்றால் பருவமே முடிந்தது என்ற நிலையில் ஆடும் ஆட்டங்கள் அவை. நான்காம் ஆண்டு மாணவனுக்கு அது வாழ்க்கையின் கடைசி ஆட்டமாகவும் இருக்கலாம்.

இத்தனை கல்லூரிகளில் 68 அணிகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

இரண்டு வழிகள். கான்ஃபரன்ஸ் போட்டியை வென்ற அணிக்கு நேரடி இடம். யாரும் அதைப் பறிக்க முடியாது. 2025-ல் அப்படி 31 இடங்கள். மீதி 37 இடங்களை ஒரு தேர்வுக் குழு நிரப்புகிறது. மார்ச் நடுவில் ஒரு ஞாயிறு மாலை முழுப் பட்டியலையும் தொலைக்காட்சியில் அறிவிப்பார்கள். ‘செலக்‌ஷன் சண்டே’ என்று அந்த நாளுக்கே பெயர்.

எல்லையில் ஊசலாடும் அணிகளை ‘பபிள்’ அணிகள் என்பார்கள். எதிர்பாராத அணி ஒன்று கான்ஃபரன்ஸ் போட்டியை வென்றுவிட்டால் இவர்களில் ஒருவருக்கு இடம் போய்விடும். அதனால்தான் அந்த வாரம் முழுவதும் எங்கோ தொலைவில் நடக்கும் ஆட்டத்தின் முடிவுக்காக வேறொரு கல்லூரி வயிற்றில் நெருப்போடு காத்திருக்கும்.

தேர்வுக் குழுவில் யார் இருக்கிறார்கள்? எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

கல்லூரி விளையாட்டு இயக்குநர்களும் கான்ஃபரன்ஸ் ஆணையர்களுமாகப் பன்னிரண்டு பேர். தன் கல்லூரியைப் பற்றிய பேச்சு வந்தால் அந்த உறுப்பினர் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். 2018-19 பருவத்திலிருந்து ‘நெட்’ என்ற கணக்கீட்டுத் தரவரிசையை முக்கியக் கருவியாகப் பயன்படுத்துகிறார்கள். வெறும் வெற்றி எண்ணிக்கை போதாது. யாரை, எங்கே வென்றாய் என்பதுதான் கேள்வி. சொந்த அரங்கில் முதல் 30 அணிகளில் ஒன்றை வென்றாலும், எதிரணியின் அரங்கில் முதல் 75-ல் ஒன்றை வென்றாலும் இரண்டும் முதல் தர வெற்றியாகவே எண்ணப்படும். வெளியூர் அரங்கில் வெல்வது அவ்வளவு கடினம் என்பதால் இந்த ஏற்பாடு.

இந்த முறையில் சிறிய கல்லூரிகளுக்கு அநியாயம் நடப்பதாகச் சொல்கிறார்களே?

நடக்கிறது என்றே நான் கருதுகிறேன். முதல் தர வெற்றி வேண்டுமென்றால் முதல் தர அணியோடு ஆட வேண்டும். பெரிய கல்லூரிகள் சிறிய கல்லூரியின் அரங்குக்கு ஆட வருவதே அரிது. தோற்றால் நஷ்டம், வென்றால் பெரிய லாபம் இல்லை. பிறகு ஏன் வர வேண்டும்? ஆனால் அந்தப் பெரிய கல்லூரிகளுக்குத் தங்கள் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே வாரத்துக்கு இரண்டு வலுவான எதிரிகள் தாமாகவே கிடைக்கிறார்கள். 2025-ல் எஸ்.இ.சி. என்ற தென்பகுதிக் கான்ஃபரன்ஸின் 16 அணிகளில் 14 தேர்வாயின. இதுவரை எந்தக் கான்ஃபரன்ஸும் அத்தனை இடங்களைப் பெற்றதில்லை. அவை வலுவான அணிகள்தான். ஆனால் பருவம் முழுவதும் முதலிடத்தில் இருந்துவிட்டு, கான்ஃபரன்ஸ் இறுதியில் ஒரு புள்ளியில் தோற்ற சிறிய கல்லூரிக்குக் கதவு முழுவதும் அடைபடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

தரநிலை எண் 1 முதல் 16 வரை போடுகிறார்களே, அதன் பொருள் என்ன?

அணிகளைக் கிழக்கு, மேற்கு, தெற்கு, மத்திய மேற்கு என்று நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரநிலை கொடுப்பார்கள். முதல் சுற்றில் 1-க்கு எதிராக 16, 2-க்கு எதிராக 15 என்று போகும். நன்றாக ஆடியவர்களுக்கு எளிய பாதை என்பதே நோக்கம். மண்டலப் பெயரை வைத்து ஏமாறாதீர்கள். கிழக்கு மண்டலத்தில் கலிபோர்னியா அணியும் இருக்கலாம். ஆட்டங்கள் பொதுவான நகரங்களில் நடக்கும். எந்த அணியும் தன் சொந்த அரங்கில் ஆடக் கூடாது.

ரசிகர்கள் முதலில் பார்ப்பது 5-க்கும் 12-க்கும் இடையிலான ஆட்டங்களை. ஏறத்தாழ மூன்றில் ஒன்றை 12-ஆம் நிலை அணி வென்றுவிடுகிறது. பெரிய கான்ஃபரன்ஸில் நடுவாந்தரமாக முடித்த அணியும், சிறிய கான்ஃபரன்ஸை ஆண்டு முழுவதும் ஆண்ட அணியும் சந்திக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

64 என்றால் கணக்கு சரியாக வரும். அதென்ன 68?

1985 முதல் 64 அணிகள்தான் இருந்தன. 2001-ல் 65, 2011-ல் 68 ஆயிற்று. கூடுதலான நான்கைக் கழிப்பதற்காக, முதன்மைச் சுற்றுக்கு முன் செவ்வாய், புதன் இரு நாள்களில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் நான்கு ஆட்டங்கள் நடக்கின்றன. ‘ஃபர்ஸ்ட் ஃபோர்’ என்று பெயர். குழு தேர்ந்தெடுத்த கடைசி நான்கு அணிகள் இரண்டு ஆட்டங்களில் மோதும். நேரடி இடம் பெற்றவர்களில் தரம் குறைந்த நான்கு அணிகள் மற்ற இரண்டில் மோதும்.

இந்த இரண்டாவது ஏற்பாடு எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. தன் கான்ஃபரன்ஸில் கோப்பை வென்று வந்த அணியை இன்னொரு தகுதி ஆட்டம் ஆடச் சொல்வது சரியல்ல. எட்டு அணிகளும் குழுவின் தேர்வில் வந்தவையாகவே இருக்க வேண்டும். ஆனால் டேட்டன் நகர மக்கள் இரண்டு நாளும் அரங்கை நிரப்பி, யாரென்றே தெரியாத அணிகளுக்குக் கை தட்டுகிறார்கள். அவர்களை வாழ்த்த வேண்டும். ஃபர்ஸ்ட் ஃபோரில் தொடங்கி அரையிறுதி வரை போனவர்களும் உண்டு: 2011-ல் வி.சி.யு. எனப்படும் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகம், 2021-ல் யு.சி.எல்.ஏ. எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம்.

எந்த நாளில் என்ன சுற்று? இந்திய நேரத்தில் எப்போது பார்க்கலாம்?

முதல் வாரம் வியாழன், வெள்ளியில் 32 ஆட்டங்கள். சனி, ஞாயிறில் 16. நான்கு நாளில் 48 ஆட்டங்கள் முடிந்துவிடும். அடுத்த வாரம் வியாழன், வெள்ளியில் ‘ஸ்வீட் சிக்ஸ்டீன்’ என்ற 16 அணிகளின் சுற்று, வார இறுதியில் ‘எலைட் எய்ட்’ என்ற எட்டு அணிகளின் சுற்று. மூன்றாம் வாரம் சனிக்கிழமை ‘ஃபைனல் ஃபோர்’ என்ற அரையிறுதிகள், திங்கள் இரவு இறுதி. அரையிறுதியும் இறுதியும் அமெரிக்கக் கால்பந்து மைதானங்களில், அறுபதாயிரம், எழுபதாயிரம் பேர் முன்னிலையில் நடக்கும்.

மார்ச்சில் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அங்கே வியாழன் நண்பகலில் தொடங்கும் முதல் ஆட்டம் நமக்கு இரவு ஒன்பதரை மணிக்கு மேல். கடைசி ஆட்டம் முடியும்போது நமக்கு வெள்ளி காலை விடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும். இறுதியாட்டம் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணியைத் தாண்டித் தொடங்கும். ஒரே ஒரு நாள் கண்விழிக்க முடியும் என்றால் இறுதியை விட்டுவிட்டு அந்த முதல் வியாழனைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். நான்கு அரங்குகளில் ஒரே நேரத்தில் கடைசி நிமிடங்கள் ஓடும் இரவு அது.

என்.பி.ஏ. விதிகளுக்கும் கல்லூரி விதிகளுக்கும் என்ன வேறுபாடு?

கல்லூரியில் ஆண்களுக்கு 20 நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள், என்.பி.ஏ.வில் 12 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள். பந்தை எறிய இங்கே 30 விநாடி, அங்கே 24. இங்கே ஐந்தாவது ஃபவுலில் வீரர் வெளியே போக வேண்டும், அங்கே ஆறாவதில். மூன்று புள்ளிக் கோடும் இங்கே சற்று அருகில் இருக்கிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டால் அங்கே பந்தை மேலே எறிந்து மோத விடுவார்கள். இங்கே மேசையில் உள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்த அணிக்குப் பந்து, அடுத்த முறை மற்ற அணிக்கு.

கடைசி இரண்டு நிமிடம் அரை மணி நேரம் இழுக்கிறது. பின்தங்கிய அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்வது ஏன்?

பின்தங்கிய அணிக்கு எதிரி கடிகாரம்தான். ஃபவுல் செய்தால் கடிகாரம் நிற்கும். ஒரு பாதியில் ஏழாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் வளையத்தை நோக்கி எறியும் வாய்ப்பு, கிடைக்கும். ஆனால் ஆண்கள் ஆட்டத்தில் முதல் எறிதல் விழுந்தால்தான் இரண்டாவது உண்டு. பத்தாவதிலிருந்து கட்டாயம் இரண்டு. பத்தொன்பது வயது மாணவன், ஆயிரக்கணக்கானோர் கத்தும்போது, தனியாகக் கோட்டில் நின்று எறிய வேண்டும். தவறினால் பந்து நமக்கு.

1983-ல் நார்த் கரோலினா ஸ்டேட் பயிற்சியாளர் ஜிம் வால்வானோ இந்த உத்தியை வைத்தே கோப்பைக்குப் போனார். இறுதியில் எதிரே ஹூஸ்டன். பின்னாளில் என்.பி.ஏ. நட்சத்திரங்களான ஒலாஜுவானும் கிளைட் ட்ரெக்ஸ்லரும் இருந்த அணி. 52-52 என்றிருந்தபோது ஹூஸ்டனின் முதலாண்டு மாணவனை ஃபவுல் செய்தார்கள்; முதல் எறிதலே தவறியது. கடைசி விநாடிகளில் ஸ்டேட் அணியின் விட்டன்பர்க் வெகு தொலைவிலிருந்து எறிந்த பந்து வளையத்தை எட்டவே இல்லை. அடியில் நின்ற லாரன்ஸோ சார்ல்ஸ் அதை அந்தரத்தில் பிடித்து அப்படியே உள்ளே திணித்தார். 54-52. கட்டிப்பிடிக்க ஆள் தேடி வால்வானோ மைதானம் முழுக்க ஓடும் காட்சியை ஒவ்வொரு மார்ச்சிலும் காட்டுகிறார்கள். காட்டட்டும், எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது.

16-ஆம் நிலை அணி எப்போதாவது முதல் நிலை அணியை வென்றிருக்கிறதா?

ஆண்கள் போட்டியில் இரண்டு முறை. 1985 முதல் முதல் நிலை அணிகள் தொடர்ந்து 135 ஆட்டங்களை வென்றிருந்தன. 2018 மார்ச் 16 அன்று, மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகம், அதாவது யு.எம்.பி.சி., ஒட்டுமொத்த முதலிடத்தில் இருந்த வர்ஜீனியாவை 74-54 என்று வீழ்த்தியது. இடைவேளையில் 21-21. இரண்டாம் பாதியில் மட்டும் 53 புள்ளிகள். கடைசி நொடி அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்ல முடியாதபடி இருபது புள்ளி வித்தியாசம்.

2023-ல் ஃபேர்லே டிக்கின்சன் கதை இன்னும் வியப்பானது. அவர்கள் தங்கள் கான்ஃபரன்ஸ் இறுதியில் தோற்றவர்கள். வென்ற மெரிமாக் கல்லூரி முதல் பிரிவுக்கு மாறும் இடைக்காலத்தில் இருந்ததால் விதிப்படி தகுதி இல்லை; இடம் இவர்களுக்கு வந்தது. டேட்டனில் தகுதி ஆட்டத்தை வென்றார்கள். நாட்டிலேயே சராசரி உயரம் மிகக் குறைந்த அணி, ஏழடி நான்கு அங்குல ஸாக் ஈடி ஆடிய பர்டியூவை 63-58 என்று வென்றது.

தோற்ற இருவரையும் மறக்காதீர்கள். வர்ஜீனியா மறு ஆண்டே, 2019-ல், அதே பயிற்சியாளரோடு சாம்பியன் ஆனது. பர்டியூ 2024-ல் இறுதி வரை போனது. பெண்கள் போட்டியில் இது 1998-லேயே நடந்துவிட்டது: ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்டை அவர்கள் சொந்த அரங்கிலேயே 71-67 என்று வென்றது.

சிறிய கல்லூரி அதிகபட்சம் எவ்வளவு தூரம் போக முடியும்?

ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ் 2022-ல் 15-ஆம் நிலையில் வந்து கென்டக்கி, மரே ஸ்டேட், பர்டியூ மூவரையும் வென்று எலைட் எய்ட்டை எட்டியது. அந்தத் தரநிலையில் வந்த வேறு யாரும் அதுவரை போனதில்லை. 11-ஆம் நிலையில் அரையிறுதிக்குப் போனவர்களில் 2006-ன் ஜார்ஜ் மேசனும் 2018-ன் லொயோலா சிகாகோவும் உண்டு. லொயோலாவுக்கு 98 வயதுக் கன்னியாஸ்திரீ சிஸ்டர் ஜீன் சக்கர நாற்காலியில் வந்து ஆசி கூறினார். முதல் மூன்று ஆட்டங்களையும் மொத்தம் நான்கே புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலே 2010-ன் பட்லர். இறுதியாட்டம் அவர்கள் வளாகத்திலிருந்து சில மைல் தொலைவில், இண்டியானாபொலிஸில் நடந்தது. டியூக் 61-59 என முன்னிலையில் இருக்க, கடைசி நொடியில் கோர்டன் ஹேவர்ட் மைதானத்தின் பாதியிலிருந்து எறிந்த பந்து பலகையில் பட்டு, வளையத்தில் பட்டு, வெளியே விழுந்தது. ஸ்டெஃபன் கரியை நமக்கு என்.பி.ஏ. வீரராகத்தான் தெரியும், அமெரிக்கா அவரை முதலில் கண்டது 2008 மார்ச்சில், டேவிட்சன் என்ற சிறிய கல்லூரியை 10-ஆம் நிலையிலிருந்து எலைட் எய்ட் வரை அவர் கொண்டுபோனபோது. அங்கே கான்சஸிடம் 59-57 எனத் தோற்றார்கள்.

அப்படியென்றால் கோப்பையையும் சிறிய அணிகள்தான் வெல்கின்றனவா?

இல்லை. முதல் வாரம் சிறியவர்களுடையது. கோப்பை பெரும்பாலும் பெரியவர்களுடையது. ஆறு ஆட்டங்கள் தொடர்ந்து வெல்ல ஆழமான அணி வேண்டும். சாம்பியன்களில் மிகத் தாழ்ந்த தரநிலை 1985-ன் வில்லனோவா: 8-ஆம் நிலை, இறுதியில் ஜார்ஜ்டவுனை 66-64 என வென்றது. 2008-லும் 2025-லும் நான்கு முதல் நிலை அணிகளுமே அரையிறுதிக்கு வந்தன. 2025-ல் சான் அன்டோனியோவில் ஃபுளோரிடா 65-63 என ஹூஸ்டனை வென்றது.

அலுவலகத்தில் எல்லோரும் ‘பிராக்கெட்’ நிரப்பச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் சரியாகக் கணிக்க முடியுமா?

பிராக்கெட் என்பது முழுப் போட்டி அட்டவணை. முதன்மைச் சுற்றின் 63 ஆட்டங்களுக்கும் வெற்றியாளரை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். நாணயத்தைச் சுண்டி நிரப்பினால், சரியாக வரும் வாய்ப்பு சுமார் 92,000 கோடி கோடியில் ஒன்று. விவரம் தெரிந்தவருக்கு வாய்ப்பு கூடும் என்றாலும் முழுமையாகச் சரியான பிராக்கெட் இதுவரை வெளிவந்ததில்லை. 2014-ல் வாரன் பஃபெட் பின்நிற்க, நூறு கோடி டாலர் பரிசு அறிவித்தார்கள். இரண்டு நாளிலேயே ஒருவரும் எஞ்சவில்லை. 2019-ல் ஒருவர் முதல் 49 ஆட்டங்களைச் சரியாகச் சொன்னார், ஐம்பதாவதில் தவறினார்.

உங்களுக்கு என் ஆலோசனை: ஒரு 12-ஆம் நிலை அணியையாவது வெல்ல வையுங்கள், மேலே சொன்ன காரணத்துக்காக. 16-ஆம் நிலையைத் தொடாதீர்கள். பணப் பந்தயம் வேண்டாம். விசாவில் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது.

யு.சி.எல்.ஏ. தொடர்ந்து ஏழு முறை வென்றதாமே, இப்போது ஏன் யாராலும் அது முடியவில்லை?

ஜான் வுடன் பயிற்சியில் யு.சி.எல்.ஏ. 1964 முதல் 1975 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் பத்துக் கோப்பைகள் வென்றது. 1967 முதல் 1973 வரை தொடர்ந்து ஏழு. பின்னாளில் கரீம் அப்துல் ஜபார் ஆன லூ அல்சிண்டரும், பில் வால்டனும் அங்கே ஆடினார்கள். அந்தச் சாதனையைக் குறைத்துப் பேசுவது முறையல்ல. ஆனால் போட்டியின் அமைப்பே அன்று வேறு. நான்கைந்து வெற்றிகளில் கோப்பை கைக்கு வந்துவிடும். ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து ஓர் அணிக்கு மேல் அனுமதி இல்லை.

அந்த விதியின் கொடுமை 1974-ல் வெளிப்பட்டது. மேரிலாண்ட் தன் கான்ஃபரன்ஸ் இறுதியில் நார்த் கரோலினா ஸ்டேட்டிடம் கூடுதல் நேரத்தில் 103-100 என்று தோற்றது. நாட்டின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்று வீட்டில் உட்கார்ந்தது. வென்ற ஸ்டேட் அணிதான் யு.சி.எல்.ஏ.வின் தொடர் வெற்றியை முறித்து அந்த ஆண்டு சாம்பியன் ஆனது. மறு ஆண்டே 32 அணிகளாக்கி, ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து இரண்டாவது அணிக்கும் வழிவிட்டார்கள். அதற்குப் பிறகு அடுத்தடுத்து இரண்டு முறை வென்றவர்கள் மூவர்தான்: டியூக் (1991, 1992), ஃபுளோரிடா (2006, 2007), கனெக்டிகட் (2023, 2024).

1966 இறுதியாட்டத்தை ஏன் வரலாற்றுப் பாடம் போலப் பேசுகிறார்கள்?

டெக்சஸ் வெஸ்டர்ன் கல்லூரி ஐந்து கறுப்பின வீரர்களோடு ஆட்டத்தைத் தொடங்கி, வெள்ளையர் மட்டுமே ஆடிய கென்டக்கியை 72-65 என்று வென்றது. இறுதியில் அப்படி ஓர் அணி களமிறங்கியது அதுவே முதல் முறை. தென்பகுதிப் பல்கலைக்கழகங்கள் பல அப்போது கறுப்பின மாணவர்களுக்கு அணியில் இடமே கொடுக்கவில்லை.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்ததும் தெரிந்திருக்க வேண்டியது. கறுப்பின வீரர்கள் உள்ள அணிகளோடு மோதக் கூடாது என்பது மிசிசிப்பியில் எழுதாத சட்டமாக இருந்தது. 1963-ல் மிசிசிப்பி ஸ்டேட் அணி போகாமல் தடுக்க நீதிமன்றத் தடையாணை வரை போனார்கள். அது கைக்கு வந்து சேர்வதற்குள் அணி மாநிலத்தை விட்டு ரகசியமாகப் புறப்பட்டுவிட்டது. லொயோலா சிகாகோவிடம் 61-51 என்று தோற்றார்கள். லொயோலா அந்த ஆண்டு சாம்பியன். ஆட்டத்துக்கு முன் இரு அணித் தலைவர்களும் கைகுலுக்கிய புகைப்படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்தாலும் ஆடியே தீர வேண்டும் என்று புறப்பட்ட அந்த மாணவர்கள் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

பெண்கள் போட்டியும் இதே மாதிரிதானா?

அமைப்பு ஏறத்தாழ அதே. 68 அணிகள், அதே மூன்று வாரங்கள். ஆனால் பத்து நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள்; முதல் இரண்டு சுற்றுகள் முன்னணி 16 அணிகளின் சொந்த அரங்குகளில். என்.சி.ஏ.ஏ. பெண்கள் போட்டி 1982-ல்தான் தொடங்கியது; முதல் கோப்பை லூசியானா டெக்குக்கு. கனெக்டிகட் 12 முறை வென்றிருக்கிறது, கடைசியாக 2025-ல். பன்னிரண்டிலும் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மா. பாட் சம்மிட் வழிநடத்திய டென்னசி எட்டு முறை.

சமமாக நடத்தினார்களா என்று கேட்டால், வெகுகாலம் இல்லை. 2021-ல் ஆண்களுக்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடம், பெண்களுக்கு ஓர் அடுக்கு டம்பெல் மட்டும் என்பதை ஒரு வீராங்கனை காணொளியாக வெளியிட்டார். நாடே கொதித்தது. அதன் பிறகே, 2022 முதல், மார்ச் மேட்னஸ் என்ற பெயரும் 68 அணிகளும் பெண்களுக்கும் வந்தன. 2024-ல் கெய்ட்லின் கிளார்க் ஆடிய அயோவாவை சவுத் கரோலினா 87-75 என்று வென்ற இறுதியைச் சராசரியாக 1.89 கோடி பேர் பார்த்தார்கள்; அதே ஆண்டு ஆண்கள் இறுதிக்கு 1.48 கோடி. பார்வையாளர்கள் வர மாட்டார்கள் என்ற பழைய சாக்கு அன்றோடு செத்தது.

மாணவர்களுக்குச் சம்பளம் உண்டா? கோடிக்கணக்கில் பணம் புரள்கிறதே, அது யாருக்குப் போகிறது?

ஒளிபரப்பு உரிமைதான் பெரும் வருவாய். 2010-ல் சி.பி.எஸ்., டர்னர் நிறுவனங்கள் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தன. பின்னர் அது 2032 வரை நீட்டிக்கப்பட்டது. ஓர் அணி ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பங்கு கணக்கிடப்பட்டு, ஆறு ஆண்டுகளாகப் பிரித்து அதன் கான்ஃபரன்ஸுக்குப் போகும். சிறிய கல்லூரியின் ஒரு வெற்றி அதன் கான்ஃபரன்ஸ் முழுவதற்கும் சோறு போடுகிறது என்பது இதனால்தான்.

ஆடியவர்களுக்கு வெகுகாலம் கல்வி உதவித்தொகை மட்டுமே. 1995-ல் யு.சி.எல்.ஏ.வுக்குப் பதினோராவது கோப்பையை வென்று தந்த எட் ஓபேனன், வீடியோ கேமில் தன் உருவம் விற்கப்படுவதைக் கண்டு 2009-ல் வழக்குத் தொடுத்தார். அங்கே தொடங்கிய சட்டப் போராட்டத்தின் நீட்சியாக 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்து விளம்பர வருவாய் பெறலாம் என்றானது. 2025 ஜூனில் ஏற்கப்பட்ட நீதிமன்றத் தீர்வின்படி கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டில் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் உச்சவரம்பு.

அதனால்தான் வீரர்கள் ஆண்டுக்கு ஒரு கல்லூரி மாறுகிறார்களா?

இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன. 2006 முதல், பள்ளி முடித்து ஓராண்டு ஆகாமல் என்.பி.ஏ.வில் சேர முடியாது. அதனால் மிகச் சிறந்தவர்கள் ஒரே ஆண்டு ஆடிவிட்டுப் போகிறார்கள். 2012-ல் கென்டக்கியின் ஆந்தனி டேவிஸ் கோப்பையோடு, 2025-ல் டியூக்கின் கூப்பர் ஃபிளாக் அரையிறுதித் தோல்வியோடு. மற்றவர்கள் எளிதாக இடம் மாற, கல்லூரி மாற விரும்புவோர் பெயர் பதியும் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ வழி செய்கிறது. மாணவனுக்கு உரிமை கிடைத்தது நியாயமே. பயிற்சியாளர் மாறலாம் என்றால் அவனும் மாறலாம். ஆனால் செயின்ட் பீட்டர்ஸ் போன்ற அணி மார்ச்சில் வென்றால் ஏப்ரலில் பயிற்சியாளரும் முக்கிய வீரர்களும் பெரிய கல்லூரிகளுக்குப் போய்விடுகிறார்கள். 2022-ல் அதுதான் நடந்தது. நான்கு ஆண்டு ஒன்றாக ஆடிப் பழகிய சிறிய அணி என்பது அரிதாகிவருவது எனக்கு உண்மையான கவலை.

2013 சாம்பியன் யார் என்று தேடினால் ஓரிடத்தில் லூயிவில் என்றும் இன்னோரிடத்தில் வெற்றிடமாகவும் வருகிறதே?

இரண்டுமே சரி. 2013 இறுதியில் லூயிவில் 82-76 என மிச்சிகனை வென்றது. பின்னர் மாணவர் விடுதியில் நடந்த முறைகேடுகள் வெளியாகி, 2018-ல் அந்தக் கோப்பை ரத்தானது. நவீன காலத்தில் ஆண்கள் சாம்பியன் பட்டம் பறிக்கப்பட்டது அதுவே முதல் முறை. பட்டம் மிச்சிகனுக்குப் போகவில்லை. ரத்து என்றால் ஏட்டிலிருந்து நீக்கம் மட்டுமே, தோற்றவரை வென்றவராக்குவதில்லை. 2020-ம் வெற்றிடமாகத்தான் இருக்கும்; ஆனால் அது கொரோனாவால் போட்டியே நடக்காத ஆண்டு.

அந்த லூயிவில் அணியில் தவறில் எந்தத் தொடர்பும் இல்லாத மாணவர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். 2019-ல் சமரசம் ஏற்பட்டு அவர்களின் தனிப்பட்ட புள்ளிவிவரங்களும், லூக் ஹான்காக் பெற்ற சிறந்த வீரர் விருதும் திரும்பக் கொடுக்கப்பட்டன. ஆகவே ஏட்டின்படி 2013-ல் சாம்பியன் அணி இல்லை; சிறந்த வீரர் மட்டும் இருக்கிறார்.